சங்கிலியின் நீளம்

தேக்கா வட்டாரத்தில் இன்று மாடுகள் இல்லை; அவை விட்டுச்சென்ற பெயர்கள் இருக்கின்றன. பஃபலோ சாலை அவற்றுள் ஒன்று. ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயருக்கும் எருமைக் கொட்டில் என்பதே பொருள். புல்லும் நீரும் நிறைந்திருந்த சிராங்கூன் சாலைப் பகுதியில் ஒரு காலத்தில் கால்நடை வணிகம் செழித்தது. இந்தியர் பலர் அத்தொழிலில் இருந்தனர். கட்டுத்தறி அவர்களுக்குப் பழகிய பொருள். ஆனால், வண்டி மாட்டுக்குப் பகல் முழுவதும் நடை, இரவில்தான் கட்டு.

காவலுக்கு வளர்க்கப்படும் நாயின் நிலை வேறு. அது பகலிலும் கட்டப்படுகிறது, இரவிலும் கட்டப்படுகிறது. சிங்கப்பூரில் வீவக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட வகையைச் சேர்ந்த ஒரு நாயை மட்டுமே வளர்க்கலாம்; அது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வாழ்கிறது. தரை வீடுகளின் முற்றங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் பண்ணைகளிலும்தான் சங்கிலி பற்றிய கேள்வி எழுகிறது.

நம் நாட்டில் நண்பகல் வெப்பம் 32 பாகையைத் தொடுவது வழக்கம். மனிதருக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காலையில் நிழலாக இருந்த இடம் பிற்பகலில் வெயிலாகிவிடும். கட்டப்படாத நாய் எழுந்து நகர்ந்துகொள்ளும். கட்டப்பட்ட நாய்க்குச் சங்கிலியின் நீளமே உலகம். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தால் யாராவது வரும்வரை அது காத்திருக்க வேண்டும். சங்கிலி எதிலாவது சுற்றிக்கொண்டால் அந்தச் சிறிய உலகமும் மேலும் சுருங்கிவிடும். நாள்தோறும் இப்படிக் கிடக்கும் நாய் ஓயாமல் குரைக்கிறது, முன்னும் பின்னும் நடக்கிறது, நெருங்குபவர்மீது பாய்கிறது. “இது பொல்லாத நாய், அதனால்தான் கட்டியிருக்கிறோம்” என்று உரிமையாளர் சொல்வார். எது காரணம், எது விளைவு என்று அவர் யோசித்துப் பார்ப்பது நல்லது.

இதைச் சட்டமாக்க முயன்றவர்களுள் தமிழகத்தைச் சேர்ந்த ஒருவர் குறிப்பிடத்தக்கவர். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் இந்திய மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். நடனக் கலைஞராகவே பலரும் அறிந்திருந்த அவர், விலங்குவதைத் தடுப்புக்காகத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசாங்கமே இதற்குச் சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததால் அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பயனாக வந்ததே 1960ஆம் ஆண்டுச் சட்டம். அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் ஒரு விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம் என்கிறது அது. வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி அளிக்காமல் விடுவதையும் அது தனியே குற்றமாகக் குறிப்பிடுகிறது. நாயின் கால்களுக்கும் நினைவு வைத்திருந்த சட்டம் அது! ஆனால், முதல் குற்றத்திற்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான்.

சிங்கப்பூரிலும் இதே வழியில் ஒரு மாற்றம் வந்தது. 2014இல் நாடாளுமன்ற உறுப்பினர் இயோ குவாட் குவாங், வேறு சில உறுப்பினர்களுடன் சேர்ந்து, விலங்குகள், பறவைகள் சட்டத்தைத் திருத்தத் தனி உறுப்பினர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. விலங்கைத் துன்புறுத்தாமல் இருந்தால் மட்டும் போதாது. உணவு, நீர், தங்குமிடம் ஆகியவற்றை அளித்துப் பராமரிப்பதும் உரிமையாளரின் கடமை என்று ஆயிற்று. தேவையற்ற வேதனை தரும் வகையில் விலங்கை அடைத்துவைக்கவும் கூடாது. முதன்முறை வதைக் குற்றம் புரியும் தனிமனிதருக்கு 15,000 வெள்ளி வரை அபராதம், 18 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. சில விதிவிலக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் நாயை அசையாத பொருளில் கட்டிவைக்கக்கூடாது என்று அங்கே வரையறுத்துவிட்டனர். மணிக்கணக்கு தெளிவானதுதான். ஆனால், கடிகாரத்துடன் வேலியோரம் யார் நிற்பது? இரண்டே மணி நேரம் கடும் வெயிலில் கிடக்கும் நாயை அந்தக் கணக்கு காப்பாற்றுமா? விலங்கின் நிலையைப் பார்த்து முடிவுசெய்வதே மேலானது எனலாம். அதற்குக் கூர்ந்து பார்க்கும் கண்கள் வேண்டும்.

பொது இடத்தில் நாயைக் கழுத்துவாரில் பிடித்துச் செல்ல வேண்டும் என்பதும் இங்குச் சட்டமே. இதைச் சொல்லித் தம் சங்கிலிக்கு நியாயம் தேடுபவர் உண்டு. ஆனால், அந்த வாரின் மறுமுனையைப் பிடித்திருக்கும் மனிதர் நாயோடு சேர்ந்து நடக்கிறார், கம்பம் நடப்பதில்லை.

அண்டை வீட்டு நாய் வெயிலில் வாடுவதைக் கண்டால் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவிடம் தெரிவிக்கலாம். பலர் தயங்குகின்றனர். தினமும் முகம் பார்க்க வேண்டியவரைப் பற்றி எப்படிப் புகார் செய்வது? துன்பம் கடுமையாக இல்லாதபோது வாசலில் நின்று, “அண்ணே, மத்தியான வெயில் அந்தப் பக்கம் நேரா அடிக்குது” என்று சொல்லிப் பார்ப்பவரும் உண்டு. பேச்சு தொடங்கினால் கட்டியதற்கான காரணமும் வெளிவரும். சில வேளைகளில் அது பழுதடைந்த வாயிற்கதவுத் தாழ்ப்பாளாக இருக்கும். தாழ்ப்பாளைச் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதும்.