கரண்ட் போய் வந்தாலும் அம்மாவின் டி.வி. தானாக ஓட வேண்டும்



போன மாதம் நான் போட்ட படத்தில் மேசை நிறைய ஒயர்கள் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ரிட்டயர்டு ஆன பிறகு இது என்ன வேலை?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிலர், "ஒரு பென்டிரைவில் போட்டு டி.வி.யில் சொருகினால் முடிந்ததே" என்று யோசனையும் சொன்னீர்கள். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் ஒரே பதிவாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள் நீங்கள், பொறுமையாகப் படியுங்கள்.

என் அம்மாவுக்கு 88 வயது. இரண்டு வருடமாக நினைவு தப்பித் தப்பி வருகிறது. காலையில் நன்றாகத்தான் இருப்பார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் ஒரு பதற்றம் பிடித்துக்கொள்ளும். "வீட்டுக்குப் போகணும், அப்பா தேடுவாங்க" என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார்கள். மருத்துவர் மாத்திரையோடு இன்னொன்றும் சொன்னார்: தினமும் அதே நேரத்தில், பழகிய ஒன்றைப் பார்க்கவோ கேட்கவோ செய்யுங்கள் என்று.

எங்கள் வீட்டில் அப்படிப் பழகிய ஒன்று, 1994-இல் நடந்த என் தம்பி கல்யாண வீடியோ. அதில் மண்டப வாசலில் நின்று அப்பா எல்லோரையும் வரவேற்கிறார். "வாங்க, வாங்க, சாப்ட்டாச்சா?" என்ற அந்தக் குரல் கேட்டால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்பா போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது என் தம்பி மகன். பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவன்தான் டி.வி.க்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரை மாட்டி, லிப்ரெஎலெக் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். அதற்குள் கோடி என்ற மீடியா சென்டர் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் மெனு, ரிமோட் எதுவும் வேண்டாம், கல்யாண வீடியோ தானாக ஓடும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே சிரமம். அதனால்தான் பென்டிரைவ் சரிப்படவில்லை.

பிரச்சினை மெமரி கார்டில் வந்தது. இந்தச் சின்னக் கம்ப்யூட்டர் தன் மென்பொருள் முழுவதையும் மெமரி கார்டில் வைத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் எதையாவது எழுதிக்கொண்டும் இருக்கும். எழுதும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால் பாதி எழுதிய பக்கம் கிழிந்த நோட்டு மாதிரி ஆகிவிடும், அடுத்த முறை திறக்காது. கோவில்பட்டியில் கரண்ட் போவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 14 மாதத்தில் மூன்று கார்டு போனது. ஒவ்வொரு முறையும் புதுக் கார்டு தயாராகும் வரை அம்மாவின் சாயங்காலங்கள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் தம்பி மகன் சொன்னான்: "அத்தை, கார்டே வேண்டாம். மாடியில இருக்கிற என் பழைய கம்ப்யூட்டரை சர்வரா மாத்திடலாம். டி.வி.க்குப் பின்னால இருக்கிறது ஒயர் வழியா அதுகிட்ட கேட்டுத் தன்னைத் தானே எழுப்பிக்கும்." இதற்குப் பெயர் நெட்வொர்க் பூட். ஒயர்தான் வேண்டும், வைஃபை வழியாக இந்தக் கருவி இப்படி எழாது. மாடியிலிருந்து கூடத்துக்குக் கேபிள் இழுத்துக் கொடுத்தது உங்களில் ஒருவன், 1999-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது எலக்ட்ரீஷியன். கூலி வாங்க மறுத்துவிட்டான். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். புதுப் பிள்ளை ஒன்று பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது. கையில் பை இல்லை, புத்தகம் இல்லை. முதலில், "நான் வந்திருக்கிறேன், என் வரிசை எண் என்ன?" என்று சத்தமாகக் கேட்கிறது. இதற்குப் பெயர் டிஹெச்சிபி. எங்கள் வீட்டில் எண் கொடுப்பது ரவுட்டர். "புத்தகம் எங்கே வாங்குவது?" என்பதற்கு எங்கள் சர்வர் பதில் சொல்கிறது. அந்தப் பதிலில் 'ராஸ்பெர்ரி பை பூட்' என்ற வார்த்தைகள் இருந்தால்தான் இந்தப் பிள்ளை நம்பும். அடுத்து டிஎஃப்டிபி என்ற ஜன்னலில் போய் மென்பொருள் கோப்புகளை ஒவ்வொன்றாக வாங்குகிறது. கடைசியில் என்எஃப்எஸ் என்ற அலமாரியைத் திறந்து, தன் நோட்டு, பேனா எல்லாவற்றையும் அங்கேயே வைத்துப் புழங்குகிறது. நான்கு படிகள். எந்தப் படியில் நின்றாலும் டி.வி. கறுப்பாகத்தான் இருக்கும். எந்தப் படி என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே.

அவன் பெங்களூரில், நான் இங்கே. போனில் பேசிப் பேசித்தான் செய்தோம். நான் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, தேதி, நேரம், என்ன செய்தோம், என்ன நடந்தது என்று நான்கு கட்டம் கிழித்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று விதி வைத்தேன். ஐந்தாம் வகுப்பு அறிவியலில் விதை முளைப்பது பற்றி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதானே? தண்ணீரையும் வெளிச்சத்தையும் ஒன்றாக மாற்றினால் எதனால் முளைத்தது என்று தெரியாது.

எங்களிடம் இருப்பது ராஸ்பெர்ரி பை 3. இது நெட்வொர்க்கில் எழ வேண்டுமானால் உள்ளே ஒரு நிரந்தரக் குறி வைக்க வேண்டும். ஒரு முறை வைத்தால் அழிக்க முடியாது. அது விழுந்துவிட்டதா என்று பார்க்க 17-ஆம் வரியில் 3020000ஏ என்று வர வேண்டும் என்றான். வந்தது. கார்டைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டோம். பத்து நொடிக்கு ஒன்றும் இல்லை. பிறகு கேபிள் சொருகும் இடத்தில் விளக்குகள் மினுக்கின.

"அத்தை, என்ன லைட் எரியுது?"

"சிவப்பு நிலையா எரியுது. கேபிள் பக்கம் மினுக்குது. டி.வி. கறுப்புதான்."

சர்வரில் டிசிபிடம்ப் என்று ஒரு நிரல் உண்டு. கேபிளில் போகிற வருகிற தபால்களை எல்லாம் அது பட்டியல் போடும். அதைத் தூரத்திலிருந்தே ஓடவிட்டான். பி8:27:இபி என்று தொடங்கும் முகவரியிலிருந்து கேள்வி வந்திருக்கிறது, அது நம் பிள்ளைதான். சர்வரும் பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் பிள்ளை ஜன்னலுக்கு வரவில்லை. பதிலில் அந்த மூன்று வார்த்தைகள் இல்லை, சாதாரணக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பும் வாசகம் போயிருக்கிறது. மாற்றினான். அடுத்த முறை ஜன்னலுக்கு வந்து கேட்டது. ஜன்னல் திறக்கவில்லை.

இங்கேதான் நான் ஒரு நல்ல பாடம் கற்றேன். டிசிபிடம்ப்பில் கேள்வி வந்தது தெரிகிறதே, பிறகு ஏன் பதில் இல்லை என்று குழம்பினோம். காரணம், அது தபாலைப் பார்ப்பது தெருக்கதவில். அதற்குப் பிறகு சர்வரின் ஃபயர்வால் என்ற வாட்ச்மேன் நிற்கிறார். அவர் 69 என்ற எண்ணுள்ள வழியை அடைத்து வைத்திருந்தார். தபால் தெருவுக்கு வந்தது உண்மை, வீட்டுக்குள் போகவில்லை என்பதும் உண்மை. 69-ஐத் திறந்ததும் கோப்புகள் கடகடவென்று போயின. டி.வி.யில் வானவில் நிறம் ஒரு கணம் தெரிந்தது. அம்மா கைதட்டினார்கள்.

அதற்கு அடுத்து, மென்பொருள் எழுந்தது, ஆனால் எதையும் எழுதி வைக்க முடியாமல் நின்றது. என்எஃப்எஸ் அலமாரி வழக்கமாக, வெளியிலிருந்து 'நான்தான் தலைமை' என்று வருபவரை நம்பாது, யாரோ ஒருவராகத்தான் நடத்தும். லிப்ரெஎலெக் எல்லாவற்றையும் தலைமை அதிகாரத்தில் செய்வது. அந்த ஒரு தட்டுக்கு மட்டும், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தோம். அன்று மாலை 6.20-க்கு அப்பா, "வாங்க, வாங்க" என்றார். நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்தப் பதிவே தேவையில்லை. மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. டி.வி. எழவில்லை. நான் சுவிட்சை அணைத்துப் போட்டேன், எழுந்தது. மறுமுறை கரண்ட் போனது, எழவில்லை. அணைத்துப் போட்டேன், எழுந்தது. தம்பி மகன் எத்தனை முறை சோதித்தாலும் சரியாக வேலை செய்கிறது. கரண்ட் போய் வந்தால் மட்டும் இல்லை.

"நீங்க சுவிட்ச் போட்டுக்கிறீங்கல்ல அத்தை, அப்புறம் என்ன?" என்றான். நான் வீட்டில் இருந்தால் சரி. அடுத்த மாதம் மதுரையில் எனக்குக் கண் ஆபரேஷன், மூன்று நாள் இருக்க மாட்டேன். அந்த அக்கா தனியாக இருக்கும்போது கரண்ட் போனால்?

கடிகாரத்தை எடுத்து உட்கார்ந்தேன். மெயினை அணைத்துப் போட்டு எழுதினேன். ரவுட்டர் தயாராக ஒன்றரை நிமிடம். சர்வர் தயாராக இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ராஸ்பெர்ரி பையோ பத்தாவது நொடியிலேயே கேட்க ஆரம்பித்துவிடுகிறது. நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "அத்தை, பிடிச்சிட்டீங்க!" இந்தப் பை 3, ஐந்து நொடிக்கு ஒருமுறை வீதம் ஐந்து முறைதான் கேட்குமாம். 25 நொடியில் பதில் வராவிட்டால் மனம் விட்டுத் தூங்கிவிடும். யாராவது அணைத்துப் போட்டால்தான் மறுபடி கேட்கும். அந்தச் சில்லிலேயே உள்ள குறை அது. அவன் சோதிக்கும்போதெல்லாம் சர்வர் முன்பே விழித்திருந்தது, அதனால் அகப்படவில்லை.

தீர்வைக் கேட்டால் சிரிப்பீர்கள். மறுபடி மெமரி கார்டு! ஆனால் அதில் ஒரே ஒரு சின்னக் கோப்பு, சுமார் 50 கிலோபைட். அதைக் கொண்டு எழுந்தால் அந்த 25 நொடிக் குறை இல்லை, பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கார்டில் யாரும் எதையும் எழுதுவதில்லை, அதனால் கரண்ட் போனாலும் கெடுவதற்கு வழியில்லை.

சர்வர் பக்கம் மூன்று வேலை. கரண்ட் வந்ததும் பொத்தான் அழுத்தாமலே அது எழும்படி பயாஸில் ஓர் அமைப்பு. வீடியோ இருக்கும் டிஸ்க் இணைந்த பிறகே என்எஃப்எஸ் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் அலமாரியைக் காட்டும். எல்லாம் தயாரான பிறகுதான் பதில் சொல்லும் நிரல் தொடங்க வேண்டும். அடுப்பில் சோறு வெந்த பிறகுதானே இலை போடக் கூப்பிடுவோம்.

எலக்ட்ரீஷியன் மாணவன் வந்தான். ஒரே நாளில் மெயினை ஏழு முறை இறக்கி ஏற்றினோம். ஏழு முறையும் யார் கையும் படாமல் கல்யாண வீடியோ வந்தது. நாலாவது முறை அம்மா, "எத்தனை தடவைடா கல்யாணம் பண்ணுவான்?" என்று கேட்டார்கள். வெகுநாளைக்குப் பிறகு அம்மா சொன்ன நகைச்சுவை அது.

ஆபரேஷனுக்குப் போன இரண்டாம் நாள் இங்கே இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. மறுநாள் போனில் அந்த அக்காவிடம் கேட்டேன். "கரண்ட் வந்துச்சு, ஐயா வந்துட்டாங்க, அம்மா உக்காந்துட்டாங்க" என்றார். கண்ணில் கட்டோடு படுத்திருந்த எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, உங்கள் வீட்டுப் பரணில் பழைய கல்யாணக் கேசட், பள்ளி ஆண்டுவிழா கேசட் இருந்தால் இந்த மாதமே எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். நாடாவில் பூஞ்சை பிடிக்கும். ஓட்டிப் பார்க்கும் வி.சி.ஆர். பெட்டியைத் தயாரிப்பதே 2016-இல் உலகத்தில் நின்றுவிட்டது, இருக்கிற பெட்டிகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இரண்டு, எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் முதலில் ஒரு நோட்டும் கடிகாரமும் எடுங்கள். எப்போது வேலை செய்கிறது, எப்போது செய்யவில்லை என்று எழுதுங்கள். படித்த பிள்ளைகள் தீர்த்துவைப்பார்கள், ஆனால் பக்கத்தில் இருந்து பார்ப்பவர் நாம்தான்.

கேபிள், கார்டு பற்றிச் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தம்பி மகனிடம் கேட்டுச் சொல்கிறேன். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் போன் செய்யாதீர்கள். அது அம்மா கல்யாணத்துக்குப் போயிருக்கும் நேரம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்