ஆழம் காணப் புறப்பட்டோம்

நாற்புறமும் கடலை வைத்துக்கொண்டு வாழ்பவர்கள் நாம். ஆயினும், அக்கடலின் உள்ளே என்ன இருக்கின்றதென்று தலையை நுழைத்துப் பார்த்தவர்கள் எம்மிடையே எத்தனை பேர்? கீரிமலைக் கேணியில் நீந்திப் பழகிய யாமும் நாற்பத்து நான்கு வயது வரை கடலைக் கரையிலிருந்தே பார்த்துவந்தோம். சென்ற ஆண்டு தைப்பொங்கலன்று, மதிய உணவு முடிந்து எல்லோரும் விறாந்தையில் அமர்ந்திருந்தபோது, தமக்கையாரின் மகன் மெல்லக் கேட்டான்: "மாமா, திருகோணமலையிலை சுழியோடப் பழக்கினமாம். நாங்களும் போவமே?" உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தவன் அவன். மறுத்துச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. உண்மையில், அவனைவிட எமக்கே ஆசை மிகுதியாயிருந்தது.

சுழியோடுதல் எமது மக்களுக்குப் புதிய தொழிலன்று. மன்னார்க் கடலில் முத்துக்குளித்த நாட்களில், சுழியோடிகள் கல் கட்டிய கயிற்றின் துணையால் அடிநிலத்துக்கு இறங்கி, அடக்கிய ஒரே மூச்சில் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வந்தனர். கயிற்றைப் பிடித்தபடி தோணியில் ஒருவன் காத்திருப்பான். கயிறு அசைந்ததும் இழுத்தெடுக்கவேண்டிய பொறுப்பு அவனுடையது. அக்கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பார்கள், தன் உடன்பிறந்தாளின் தாலிக்காக அவன் கண்ணயராதிருப்பான் என்று எமது பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

1943ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டினரான ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும், மூச்சிழுக்குந்தோறும் வேண்டிய காற்றை வேண்டிய அமுக்கத்தில் கொடுக்கும் கருவியொன்றை ஆக்கினர். அதன் பின்னர் சுழியோடிக்குக் கயிறு வேண்டியதாயில்லை; முதுகிற் சுமந்த காற்றுடன் அவன் மீனைப்போல் உலாவலானான். 1956ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் திருகோணமலைக்கு வந்து, கோணேசர் மலையடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய ஆலயத்தின் தூண்களையும் கற்களையும் கடலடியிற் கண்டனர். மருமகனின் உள்ளத்தைக் கவர்ந்தது இவ்வரலாறே.

ஆசிரியத் தொழில் எமக்குத் தந்த பழக்கமொன்று உண்டு. எதனைத் தொடங்கினாலும் ஒரு கொப்பியைத் திறந்துவிடுவோம். முதற்பக்கத்தில் காற்றைப்பற்றி எழுதினோம். சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையுள்ள காலத்தில் மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும். திருகோணமலைக் கடலோ தெளிந்து கிடக்கும். வாடை தொடங்கியபின் கிழக்குக் கடல் கலங்கும். டிசெம்பர் முதல் ஏப்ரில் வரை ஹிக்கடுவைப் பக்கம் தெளியும். மாலைதீவிலும் அவையே மழை குறைந்த மாதங்கள். எனவே, ஓகஸ்ட் விடுமுறையில் நிலாவெளியிற் பயிற்சி, டிசெம்பர் விடுமுறையில் மாலைதீவு என்று வகுத்தோம். உள்ளூரிற் கற்றுத் தேறியபின் வெளியூர் செல்வதே முறை. பழகாத கருவியைப் பழகாத கடலில் சோதிக்கலாகாது. எம்முடன் கற்பிக்கும் நண்பர் ஒருவரும் சேர்ந்துகொள்ள, மூவரானோம்.

இரண்டாம் பக்கத்தில், எதைக் காணப் போகின்றோம் என்று எழுதினோம். மாலைதீவின் பா அற்றோலிலுள்ள ஹனிபாரு குடாவில் பெருந்திருக்கைகள் கூட்டங்கூட்டமாய் இரை தேடும் காலம் மே முதல் நவம்பர் வரையாகும். டிசெம்பரிற் செல்வோர் அவற்றை நம்பிப் பணம் கட்டலாகாது. அன்றியும், அக்குடாவில் காற்றுச் சிலிண்டருடன் இறங்குவதற்குத் தடையுண்டு. நீர்மட்டத்தில் நீந்திப் பார்ப்பதற்கே அனுமதி. மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மருமகன் கேட்டான். அது கிடப்பது ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில். தொடக்கப் பயிற்சி பெற்றவனுக்குரிய எல்லையோ 18 மீற்றர். ஆகவே அதனைக் கொப்பியின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினோம்.

மூன்றாம் பக்கத்தில் திரும்பி வருவதைப்பற்றி எழுதினோம். பலர் மறந்துவிடும் பக்கம் அது. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைகின்றது. மெல்ல மேலெழுந்தால் மூச்சுடன் வெளியேறும். விரைந்தெழுந்தால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோலக் குமிழியாகும். பல முறை மூழ்கியவர், கடைசியாக மேலெழுந்து 18 மணித்தியாலமேனும் கழியாமல் விமானம் ஏறலாகாது. திருகோணமலையில் மூழ்கிவிட்டு அன்றே நுவரெலியாவுக்கு மலையேறுவதும் தவறு. பயணக் காப்புறுதியில் சுழியோடல் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் பெறுவதும், அமுக்க அறையுள்ள வைத்தியசாலை எங்கே உள்ளதென்று முன்னரே அறிந்துவைப்பதும் அப்பக்கத்திலேயே இடம்பெற்றன.

இத்தனையும் எழுதிய கொப்பியில், எம்மைப்பற்றி மட்டும் ஒரு வரியும் இருக்கவில்லை.

யூலை மாதத்தில் பயிற்சி நிலையத்திலிருந்து மருத்துவ வினாப்படிவம் வந்தது. காதில் நோயுண்டா, இருதயத்தில் நோயுண்டா என்று ஒவ்வொன்றாக வினவி, தொய்வு நோய் எப்போதாயினும் இருந்ததுண்டா என்றும் கேட்டிருந்தார்கள். 'ஆம்' என்று எழுதினால் வைத்தியரின் கையொப்பம் வேண்டும். மாலைதீவுக்கான விமானச் சீட்டுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. அது மீளாப் பணம். சிறு வயதில் எத்தனையோ இரவுகள் முட்டு வருத்தத்தால் தூங்காமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்ததுண்டு. ஆனால் அது முப்பது ஆண்டுக்கு முந்திய கதையன்றோ? பனிக்காலத்தில் சில நாள் நெஞ்சு இரைவதை நோயென்று சொல்லலாமோ? இவ்வாறு எமக்கு நாமே வாதாடி, 'இல்லை' என்று எழுதினோம்.

படிவங்களை அனுப்புமுன் மருமகன் எடுத்து வாசித்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "மாமா, உங்களுக்குச் சின்ன வயசிலை தொய்வு இருந்ததெண்டு அம்மம்மா சொல்லுறவ. இதிலை இல்லையெண்டு கிடக்கு," என்றான். நாம் சிரித்து மழுப்பினோம். அவன் சிரிக்கவில்லை. "கீழை என்ரை சோடி நீங்கள்தானே? உங்களுக்கு இழுத்தா நான் என்ன செய்யிறது?" என்றான்.

அந்தக் கேள்வி எம்மைத் தைத்தது. இருபது ஆண்டாகப் பௌதிகம் கற்பிக்கும் எமக்குப் போயிலின் விதியை வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்காகின்றது. அங்கே இழுத்த மூச்சு, வெளிவிடப்படாமல் மேலே வந்தால் இரு மடங்காக விரியும். தொய்வினால் சுருங்கிய மூச்சுக்குழாய் காற்றை வெளிவிடாது சிறைப்பிடிக்குமாயின், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். கரும்பலகையில் ஆண்டுதோறும் வரையும் அந்த வளைகோடு எமது நெஞ்சுக்கு மட்டும் விலக்களித்துவிடுமென்று எண்ணினோம் போலும்! அதிலும் கொடியது ஒன்றுண்டு. அவ்வாறு நேர்ந்திருந்தால், பதினைந்து மீற்றர் ஆழத்தில் எம்மைச் சுமந்து தவித்திருக்கவேண்டியவன் பத்தொன்பது வயதுப் பிள்ளை. எமது 'இல்லை'க்கு அவனன்றோ ஈடு கட்டியிருப்பான்!

மறுநாளே நெஞ்சு நோய் வைத்தியர் ஒருவரிடம் சென்றோம். ஓடச் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரு குழாயினுள் ஊதச் சொன்னார். ஓடிய பின்னர் ஊதிய மூச்சு வெகுவாகக் குறைந்திருந்தது. "சேர், நீந்துங்கோ, வடிவாய் நடவுங்கோ. ஆனால் சிலிண்டரோடை இறங்கவேண்டாம்," என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் சோர்ந்திருந்தது என்பதை மறைக்கமாட்டோம். வீட்டுக்கு வந்து, பழைய படிவத்தைக் கிழித்தோம்.

ஓகஸ்டில் மூவருமே நிலாவெளிக்குச் சென்றோம். நண்பர் மருமகனுக்குச் சோடியானார். நாம் படகில் அமர்ந்தோம். பயிற்சியாளர் கைச்சைகைகளைக் கற்பித்தார். கட்டைவிரலை உயர்த்துவது கரையில் 'நன்று' என்பதாம். கடலடியிலோ அது 'மேலே போவோம்' என்பதாகும். எவர் அதைக் காட்டினாலும், ஏன் என்று கேளாமல் சோடி உடன்படவேண்டும். காரணம் கேட்பதும் கேலி செய்வதும் கூடா. அதைக் கேட்டபோது, வீட்டு மேசையிலே படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருமகன் எமக்குக் காட்டியது அச்சைகையே என்று தோன்றியது.

புறாத்தீவின் அருகே அவர்கள் மூழ்கினார்கள். நீர்மேல் குமிழிகள் இரண்டு கொத்தாக எழுந்துகொண்டிருந்தன. கயிறில்லாவிட்டாலும், கயிறு பிடிப்பவனைப்போலவே அக்குமிழிகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தோம். பாட்டனார் சொன்ன மைத்துனனின் கதை அப்போதுதான் விளங்கியது. தமக்கையின் ஒரே பிள்ளையன்றோ கீழே இருக்கின்றான்! நாற்பது நிமிடங்கழித்து அவன் தலை தெரிந்தபோது எமது மூச்சும் வெளிவந்தது. செட்டை நுனி கறுத்த சுறாக்களையும் ஓர் ஆமையையும் கண்டானாம். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் உப்பும் மகிழ்ச்சியும் வழிந்தன.

டிசெம்பரில் மாலைதீவுக்கும் உடன்சென்றோம். அந்நாட்டவர் தம் படகைத் 'தோணி' என்றே வழங்குவது காதுக்கு இனிதாயிருந்தது. கடைசி நாளன்று, பிற்பகல் நான்கு மணிக்கு இன்னுமொரு முறை மூழ்கலாமென்று நண்பர் ஆசைப்பட்டார். எமது விமானமோ மறுநாள் காலை எட்டு மணிக்கு. இடையே பதினாறு மணித்தியாலங்கூட இல்லை. "கொஞ்ச நேரந்தானே குறையுது," என்றார் நண்பர். மருமகன் ஒன்றும் பேசாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நண்பர் சிரித்துக்கொண்டே காற்சப்பாத்துகளைக் கழற்றினார்.

கடலடியைக் காண விரும்பும் இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நாம் சொல்லக்கூடியது இதுவே: காலத்தைப் பாருங்கள், பணத்தைக் கணக்கிடுங்கள், தகுந்த பயிற்சியைப் பெறுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னர், அந்த ஒற்றைத் தாளிலே உண்மையை எழுதுங்கள். உங்கள் சோடி நம்பி இறங்குவது அதை வைத்தே. எமது கொப்பியின் முதற்பக்கத்தில் இப்பொழுது காற்றுக்கு மேலே ஒரு வரி உண்டு. மருமகன் தன் கையால் எழுதியது அது: "மாமா தோணியில் இருப்பார்."