கோட்டை என்ற பெயரில் கிடங்குகள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவர்களுக்குக் கடல் எப்போதும் இடப்பக்கம். வரலாறும் அந்தப் பக்கம்தான். சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, அரிக்கமேடு, தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி எல்லாமே பெரிய சாலையை விட்டுப் பிரியும் சின்னச் சாலைகளின் கடைசியில் இருக்கின்றன. உள்ளே திரும்புவது சுலபம்; பார்த்துவிட்டு மறுபடி பெரிய சாலையில் ஏறும்போதுதான் பாடு. பேருந்தில் போனால் இவற்றில் பாதியை ஆட்டோ பேரம் பேசித்தான் பார்க்க வேண்டும். ஆகவே சொந்த வண்டியோ, வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் காரோ உத்தமம். தரங்கம்பாடிவரை சுமார் 280 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அப்படி ஓட்டுவதாக இருந்தால் கிளம்பவே வேண்டாம்.

செஞ்சியையும் வேலூரையும் மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கரையின் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். இவை பெரும்பாலும் மதில் கட்டிய கிடங்குகள். டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனியர், பிரெஞ்சுக்காரர் என்று எல்லோரையும் இங்கே இழுத்தது துணி. நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து, நெய்த துணியை வாங்கிச் சேர்த்து, கப்பல் வரும்வரை நனையாமலும் களவு போகாமலும் வைத்திருக்க ஓர் இடம் வேண்டும். கரையிலோ இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும். ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசுலாப் படகுகள் அலையைத் தாண்டிப் பொதிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உள்நாட்டுச் சரக்கு வந்து இறங்க ஆற்று முகத்துவாரமோ உப்பங்கழியோ தோதாக இருந்தது. அதனால்தான் இந்தச் சிதிலங்கள் பலவற்றின் பக்கத்திலும் ஒரு கழி கிடக்கிறது.

மாமல்லபுரத்தைத் தாண்டிப் போகச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். ஆனால் அது தனிப் பயணம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டியிருக்கிறது சதுரங்கப்பட்டினம். அங்குள்ள டச்சுக் கோட்டையைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. கிடங்குச் சுவர்களை விட அங்கே நிறுத்தி வைப்பவை கல்லறைகள். தரையோடு படுத்த கற்பலகைகளில் குலச்சின்னமும் டச்சு எழுத்தும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சாய்ந்த வெயிலில் போனால் எழுத்துகள் நிழலோடு துலங்கும், உச்சி வெயிலில் வெறும் கல்தான். 1782-இல் ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் இந்த ஊருக்கு எதிரே கடலில் மோதிக்கொண்டன.

கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் ஆலம்பரை. முகலாயர் காலத்துச் செங்கல் கோட்டை; 1750-இல் தக்காணத்து முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தார். பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இங்கே நாணயச் சாலை இருந்தது. மீதி நின்றதில் ஒரு பகுதியை 2004 சுனாமி கொண்டுபோனது. மரக்காணம் உப்பளங்களைக் கடந்தால் புதுச்சேரி. அந்த ஊரைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை, நான் எழுதப்போவதில்லை. கடலூர் சாலையில் அரியாங்குப்பத்திலிருந்து உள்ளே போய் அரிக்கமேட்டைப் பாருங்கள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்த இடம் அது. மணி செய்யும் தொழில் நடந்த ஊர். இன்று மேலே தெரிவது மரங்களும், பாதிரிமார் இல்லம் ஒன்றின் இடிந்த செங்கல் சுவர்களும், பக்கத்தில் ஆறும்தான்.

கடலூரில் பார்ப்பதற்குக் குறைவு, கேட்பதற்கு அதிகம். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்? பீரங்கி வெடித்தால் குண்டு போய் விழுகிற தூரம்வரை என்று பேச்சு. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தங்களிடமிருந்ததில் நல்ல பீரங்கியாகத் தேர்ந்தெடுத்து நாலாபக்கமும் சுட்டு எல்லை போட்டுக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் கடலூரில் சொல்கிறார்கள். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது சில ஆண்டுகள் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே இங்கு வந்துவிட்டது. அத்தனை பெருமையும் 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைத் தகர்த்ததோடு முடிந்தது. கெடிலம் கழியோரம் இப்போது நிற்கும் சுவர்களைக் கோட்டை என்று பிள்ளைகளிடம் காட்டினால் நம்பமாட்டார்கள்.

பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்தில் இருக்கிறது. 1781-இல் மைசூரின் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் இதன் அருகே போரிட்டார்கள். எனக்கு அதைவிட ருசியான செய்தி, 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கே ஐரோப்பிய பாணியில் நடத்திய இரும்பு ஆலை. தாது சேலத்துப் பக்கத்திலிருந்து வர வேண்டும். உருக்குவதற்கு நிலக்கரி இல்லை, மரக்கரிதான். காடு எரித்து எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும்?

கொள்ளிடத்தைத் தாண்டி, பொழுதில் பெரும்பங்கைத் தரங்கம்பாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனியருக்கு இந்த ஊரைக் கொடுத்தார். பொன் ஏட்டில் எழுதி டென்மார்க் மன்னருக்கு அவர் அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இருக்கிறது. டான்ஸ்போர்க் கோட்டைக்குள் நுழைந்ததும் மேலே ஏறிக் கடலைப் படம் எடுக்க ஓடாமல், கீழ்த்தளத்தில் நில்லுங்கள். குட்டையான வளைவுக் கூரைகளுக்குக் கீழே சரக்கு, வெடிமருந்து, மது, கைதிகள். தலைக்கு மேலே கவர்னரும் பாதிரியாரும். மொத்தக் கரையின் கணக்கும் அந்த இரண்டு தளத்தில் அடங்கிவிடும்.

பிறகு டென்மார்க் இந்த ஊரை ஏறக்குறைய மறந்தேபோனது. முப்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கப்பல்கூட வரவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்து, 1655-க்குப் பிறகு மிஞ்சிய ஒரே டேனியர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண ஆள். அவர் ஊரை விடவில்லை. வங்கக் கடலில் போகிற கப்பல்களைப் பிடித்தார். தமிழ்நாட்டு ஆட்களை வைத்துக் கோட்டையைக் காத்தார். ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். கொள்ளைப் பணம் என்று ஒழுக்கம் பேசலாம். அன்றைக்கு இந்தக் கடலில் ஐரோப்பிய வியாபாரிகளில் எத்தனை பேர் யோக்கியர்? 1669-இல் கப்பல் வந்தபோது கொடி இறங்காமல் இருந்தது. 1845-இல் டேனியர் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ராஜ வீதியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் லூத்தரன் பாதிரியார் சீகன்பால்கின் கல்லறை இருக்கிறது. அவர் 1706-இல் வந்து இறங்கியவர். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை இங்கேயே அச்சிட்டு முடித்தவர். ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள்; பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். ஆலை நிலைக்கவில்லை. ஆலை இருந்த பக்கத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். இந்த ஒன்றுக்கு மட்டும் கடலுக்கு எதிர்த்திசையில் திரும்ப வேண்டும்.