கார் வாங்குமுன் ஒரு காலைப் பொழுது



1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, 2014இல் உற்பத்தி நின்ற பின்னரும், கைமாறிக் கைமாறி எங்கள் உத்திரமேரூர்ப் பகுதிக் கிராமங்கள்வரை வந்துகொண்டிருக்கிறது. பழைய வண்டி வாங்குவோர் வர்ணத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். டயரை உதைத்துப் பார்க்கிறார்கள். எஞ்சின் பிளாக்குக்கும் அதன்மேல் அமர்ந்த ஹெட்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கட் என்னும் மெல்லிய தகட்டை எவரும் நினைப்பதில்லை. எரியும் வாயுவும், சூட்டைத் தணிக்கும் நீரும், எண்ணெயும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதுவே. அதன் விலை அற்பம். ஆனால் அதை மாற்ற ஹெட்டையே கழற்ற வேண்டும். சூட்டில் ஹெட் வளைந்திருந்தால் செலவு பன்மடங்காகும்.

சென்ற கோடையில் எங்கள் பங்குக் குடும்பம் ஒன்று இரண்டு கறவை மாடுகளை விற்றுக் கார் வாங்க முனைந்தது. வாரம் இருமுறை தாயாரைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். "சாமி, நீங்க ஒரு தடவை வந்து பாத்தா எங்களுக்கு நிம்மதி" என்றார் மகன். பழைய ஜீப்பில் கிளைப்பங்குகளுக்கு அலைந்த ஆண்டுகளில் மெக்கானிக்குகளிடம் நான் கற்றது கொஞ்சமன்று.

விடியற்காலையில், வண்டியைக் கிளப்புமுன்னரே போய்ச் சேர்ந்தோம். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றிய எஞ்சின் பாதி உண்மையை மறைத்துவிடும். பானெட் மீது கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. ரேடியேட்டர் மூடியை அந்நிலையில் மட்டுமே திறக்கலாம். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். இளைஞர்கள் இதை ஒருபோதும் மறவாதிருப்பார்களாக.

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தோம். எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல் வெளிறியிருந்தால் அதில் நீர் புகுந்திருக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்படலம் இருந்தால், குறுந்தூர ஓட்டத்தின் ஈரமாகவும் இருக்கலாம். அன்று எண்ணெய் தேனைப் போல் தெளிந்திருந்தது. அவ்வளவு புத்தெண்ணெய் எனக்கு மகிழ்ச்சியைவிட ஐயத்தையே தந்தது.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. இங்கோ, நீர் வெதுவெதுப்பாகுமுன்பே குமிழிகள் ஓயாது எழுந்தன. எரிவாயு நீர்வழியில் கசிகிறது என்பதற்கு வலுவான சாட்சி அது. எஞ்சினை அணைத்து, மூடியை இட்டு, மீண்டும் கிளப்பியதும் மேல் ஹோஸ் சில நிமிடங்களில் கல்லாய் இறுகியது. பின்புறம் வெண்புகை நிற்கவேயில்லை. பனிக்காலக் காலையில் சற்றுநேரம் வெண்ணாவி வருவது குற்றமன்று. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் அடர்ந்து வருவதே கெட்ட அடையாளம்.

பராந்தகச் சோழன் காலத்தில், ஏறத்தாழ 920ஆம் ஆண்டில், குடவோலையில் பெயர் இடுமுன் ஒருவனுடைய நிலம், வீடு, வயது, கல்வி, ஒழுக்கம் யாவும் ஆராயப்பட வேண்டுமெனக் கல்லில் பொறித்த ஊர் இது. அவ்வூரார் பானெட்டைத் திறவாமல் பணம் கொடுப்பது எனக்கு விந்தையாகவே படுகிறது.

"கேஸ்கட் மாத்தினா சரியாயிடும் சாமி, விலையைக் குறைச்சுக்கலாம்" என்றார் விற்பவர். ஹெட்டைக் கழற்றாமல் உள்ளே வளைவோ விரிசலோ உண்டா என்று யாரால் சொல்ல முடியும்? நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். மாடு விற்ற பணம் அஞ்சலகத்தில் இருக்கிறது. தாயார் இன்னும் பேருந்தில்தான் செல்கிறார். மகன் வேறு வண்டிகளைப் பார்த்துவருகிறார். போகும்போது ஒரு டார்ச் விளக்கும் பழந்துணியும் கையோடு கொண்டுபோகிறார்.