பிடிமண்

சர்வே டிராயிங்கில் ஒருமுறை கான்டூர் கோடுகளுக்கு நடுவே ஓர் அணையின் நீர்மட்டத்தை நீல மையால் வரைந்தேன். உள்ளே ‘நீர்ப்பரப்பு’ என்று எழுதினேன். பத்துக்கு ஒன்பது மார்க்! அந்தக் கோட்டுக்குள் வீடு இருக்குமா, சுடுகாடு இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. சத்தியமாய் எனக்கும் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. 2003-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய நாவல். 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஊரைவிட்டு எழுப்பப்பட்ட சனங்களின் கதை. ஆசிரியர் பிறந்த மேட்டூரும் (சேலத்து மேட்டூர் இல்லை) அப்படிப் போன ஊர்தான். அதில் பேயத்தேவர் என்ற கிழவர் பாறையோடு மல்லுக்கட்டிக் கிணறு வெட்டும் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். நாம் எஸ்டிமேட்டில் ஒரே வரியில் முடிக்கிற சமாச்சாரம், அங்கே ஒரு மனுசனின் உயிரைக் குடிக்கிறது. கடைசியில் தண்ணீர் ஏறி வரும்போது அவர் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். கரையேறவில்லை. (முடிவைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கணும்.)

அமெரிக்காவில் சோக்டா என்ற பழங்குடியினருக்கும் இதே கதிதான். 1830-ல் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கி, மிசிசிப்பியிலிருந்து இன்றைய ஒக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள். குளிரிலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த இனத்தவரான டிம் டிங்கில் 2013-ல் எழுதிய நாவலில், கதை சொல்லும் சிறுவன் ஐசக் வழியிலேயே செத்துப்போகிறான். செத்தும் ஆவியாகக் குடும்பத்தோடு கூடவே நடக்கிறான்.

இரண்டு கதையையும் லீவில் ஆச்சியிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“இதுல என்ன அதிசயம் மக்கா? நம்ம மாடன் மட்டும் இங்கயா இருந்தாரு? உங்க தாத்தாவுக்க அப்பா பிடிமண்ணு எடுத்துக் கொண்டு வந்ததாக்கும். அது கிடக்கட்டும். அந்த வைகை அணைக்காரங்க, சாமிக்குப் பிடிமண்ணு எடுத்தாவளா, இல்ல அப்படியே விட்டுட்டா வந்தாவ?”

எனக்குப் பதில் வரவில்லை. நஷ்டஈடு, ஏக்கர் என்றெல்லாம் ஏதோ உளறினேன்.

அணையே வேண்டாம் என்று பேச எனக்கு வாய் கிடையாது. 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்த பேச்சிப்பாறை அணைத் தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் எங்கள் வீட்டில் தின்கிறோம். டூர் போனபோது, அதைக் கட்டிய மிஞ்சின் துரையின் கல்லறை முன்னால் நின்று போட்டோ எடுத்தோம். மேலே மலையில் காணிக்காரர் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே பிலாத்தி கொக்கரையை உரசி மலைத் தெய்வங்களைப் பாடுவார் என்பதெல்லாம் எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. அணையின் உயரம், நீளம், ஷட்டர் எண்ணிக்கை மட்டும் குறித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம்.

அப்புறம் ஒருநாள் லெவல் எடுக்கும்போது, வரப்போரம் ஒரு மாடன் பீடம் லைனில் குறுக்கே வந்தது. ஃபீல்டு புக்கில் ரிமார்க்ஸ் பத்தியில், ‘பீடம். எண்ணெய் ஈரம் இருக்கிறது. பூசை நடக்கிறது’ என்று எழுதினேன்.

சார் படித்துவிட்டுச் சிரித்தார். வெட்டிவிடவில்லை.