படங்களைத் தாண்டிப் போகாதீர்கள்

1962இல் டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலுக்குப் புதிய ஸ்வீடிஷ் பதிப்பு ஒன்று வந்தது. படம் வரைந்தவர் பின்லாந்தின் தூவே யான்சன். நிலத்தடி ஏரியில் வாழும் கால்லம் என்ற பிராணியை அவர் ராட்சச உருவமாக வரைந்துவிட்டார். எதிரே நிற்கும் கதாநாயகன் பில்போ சுண்டைக்காய் அளவு. யான்சன் மீது குற்றமில்லை. கால்லம் எத்தனை உயரம் என்று டோல்கீன் அந்த நாவலில் அதுவரை எழுதியிருக்கவில்லை. 1966இல் வந்த திருத்திய பதிப்பில், அது சிறிய பிராணி என்று தெளிவாகச் சொல்லும் சொல் சேர்ந்துகொண்டது.

எழுத்து விட்டுவைத்த இடத்தில் ஓவியர் புகுந்து தன் பங்குக்குக் கதை சொல்கிறார். பிறகு எழுத்து திரும்பி வந்து அவருக்குப் பதில் சொல்கிறது. படங்களோடு வரும் விசித்திரக் கற்பனை நாவல்களில் என்னைக் கட்டிப்போடுவது இந்த உரையாடல்தான். வரியில் இருப்பதையே இன்னொரு முறை காட்டும் படங்கள் எத்தனை அழகாக இருந்தாலும் நான் அந்தப் புத்தகத்தை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. படத்தை எடுத்துவிட்டால் கதையில் ஒரு பகுதி காணாமல் போக வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதும் இல்லை. செந்த் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாக 1981இலேயே வந்துவிட்டது. அதில் விமானி வரைந்து காட்டும் ஆடு ஒவ்வொன்றையும் இளவரசன் வேண்டாம் என்கிறான். கடைசியில் விமானி ஒரு பெட்டியை வரைந்து, நீ கேட்ட ஆடு உள்ளே இருக்கிறது என்கிறார். இளவரசன் முகம் மலர்கிறது. அந்த ஆட்டை வாசகர்தான் வரைந்துகொள்ள வேண்டும். இந்தப் பெட்டியைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் எல்லோருக்கும் மேலே போக வழி இருக்கிறது. அவர்களை நான் முதலில் அனுப்புவது யான்சனிடம்.

யான்சன் 1914இல் ஹெல்சிங்கியில் பிறந்தார். அப்பா சிற்பி, அம்மா ஓவியர். ஹெல்சிங்கியிலிருந்து வந்த 'கார்ம்' என்ற நையாண்டிப் பத்திரிகைக்கு இளம் வயதிலேயே வரையத் தொடங்கிவிட்டார். 1938இல் அதன் அட்டையில் ஹிட்லரை, இன்னும் இன்னும் கேக் வேண்டும் என்று வீறிட்டழும் குழந்தையாக வரைந்த துணிச்சல்காரர் அவர். போர் தொடங்கியபோது ஓவியத்தில் மனம் ஒட்டாமல் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் எழுத ஆரம்பித்ததுதான் பெரிய மூக்கும் தொப்பையுமாக இருக்கும் மூமின்களின் கதை. முதல் புத்தகம் 1945இல் வந்தது. வீடிழந்து, வெள்ளத்தில் அப்பாவைத் தேடி அலையும் ஒரு தாயும் பிள்ளையும் அதில் வருகிறார்கள். விளையாட்டுத்தனமான இந்தக் கதைகளின் அடியில் எப்போதும் ஒரு பயம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பெரியவர்களிடமும் துணிந்து கொடுக்கிறேன்.

ஆனால் பெரியவர்கள் முதல் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நேரே 'மூமின்லேண்ட் மிட்விண்டர்' நாவலுக்குப் போகலாம். 1957இல் வந்தது. மூமின்கள் நவம்பர் முதல் ஏப்ரல்வரை உறங்குபவர்கள். குளிர்காலம் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் நடுக்குளிரில் பிள்ளை மூமினுக்கு மட்டும் விழிப்பு வந்துவிடுகிறது. திரும்பத் தூக்கம் பிடிக்கவில்லை. அம்மாவை எழுப்பிப் பார்க்கிறான், அவள் அசையவில்லை. வெளியே போனால் தன் பள்ளத்தாக்கே அடையாளம் தெரியவில்லை. தான் தூங்கும் நேரத்துக்கென்று தனியாக ஓர் உலகமும், அதில் வாழ வேறு பிராணிகளும் இருப்பதை அவன் கண்டுகொள்கிறான். கண்ணுக்குத் தெரியாத மூஞ்சூறுகள், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குடியிருக்கும் கோபக்காரப் பிராணி, எதையும் அவனுக்கு முழுசாக விளக்காத டூ-டிக்கி. யான்சனின் வாழ்க்கைத் துணையான ஓவியர் தூலிக்கி பியெத்திலாதான் டூ-டிக்கிக்கு மாதிரி.

இந்த நூலின் படங்களை நின்று பார்க்க வேண்டும். முந்தைய மூமின் புத்தகங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தாளில் மெல்லிய கறுப்புக் கோடுகள். இங்கே பல படங்களில் அது தலைகீழாகிவிடுகிறது. பக்கம் முழுக்க இருட்டு, அதைக் கீறிக்கொண்டு வரும் வெள்ளைக் கோடுகள். மூமின் அந்தக் கறுப்பில் எவ்வளவு சிறியவன் என்பதை எழுத்து ஓரிடத்திலும் அழுத்திச் சொல்வதில்லை. படம்தான் சொல்கிறது. கதையில் அழகான வாலுள்ள ஒரு அணில் குளிரில் விறைத்துப்போகும் இடத்தில், அழுகை வந்தால் பின்னால் இன்ன பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள் என்று யான்சன் அடிக்குறிப்பு போட்டிருக்கிறார். வாசகர் மேல் இத்தனை அன்பு வைத்த அடிக்குறிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. க்ரோக் என்ற பிராணி உட்கார்ந்த இடமெல்லாம் உறைந்துவிடும். அது சொக்கப்பனையைத் தேடி வந்து நெருப்பின் மேலேயே உட்கார, நெருப்பு அணைந்துவிடுகிறது. அணைக்க வரவில்லை, குளிர்காய வந்தது. தனிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாவல்களைவிட இந்த ஒரு காட்சி எனக்கு அதிகம் சொல்லிவிட்டது.

மிஹாயேல் எண்டேயின் 'தி நெவர் எண்டிங் ஸ்டோரி'யைச் சிபாரிசு செய்யும்போது மட்டும் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். 1979இல் வந்த ஜெர்மன் மூலம் இரண்டு நிற மையில் அச்சானது. பாஸ்டியன் என்ற சிறுவன் ஒரு பழைய புத்தகத்தைத் திருடிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் பரணில் ஒளிந்து படிக்கிறான். அவன் உலகம் சிவப்பு எழுத்தில், அவன் படிக்கும் உலகம் பச்சை எழுத்தில். மொத்தம் 26 அத்தியாயங்கள். ஏ முதல் இஸட் வரை வரிசையாக ஒவ்வோர் எழுத்திலும் ஒன்று தொடங்கும். அந்த முதலெழுத்தை முழுப்பக்கச் சித்திரமாக வரைந்தவர் ரோஸ்வித்தா குவாட்ஃப்ளீக். சிவப்பும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று நுழையத் தொடங்கும் இடத்தில் படிப்பவரின் கண்ணே முதலில் திடுக்கிடும், புத்தி பிறகுதான் வந்து சேரும். சில பேப்பர்பேக் பதிப்புகளில் எல்லாம் கறுப்பு மைதான், ஓர் உலகத்துக்குச் சாய்வெழுத்து போட்டுச் சமாளித்திருப்பார்கள். கறுப்பு வெள்ளைத் திரையுள்ள மின்நூல் கருவியிலும் இந்த இரண்டு நிறம் கிடைக்காது. கொஞ்சம் காத்திருந்தாவது இரு நிறப் பதிப்பைத் தேடி வாங்குங்கள், பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் சரி. எண்டேயின் அப்பா எட்கர் எண்டே மீமெய்யியல் ஓவியர். நாஜிகள் அவர் ஓவியங்களுக்குத் தடை போட்டார்கள். கற்பனை உலகத்தை வெறுமை தின்றுகொண்டே வரும் கதையை அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை எழுதியதில் எனக்கு வியப்பில்லை.

பத்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் படிக்கக் கேட்பவர்களுக்கு நார்ட்டன் ஜஸ்டரின் 'தி ஃபேண்டம் டோல்பூத்' (1961). ஜூல்ஸ் ஃபைஃபரின் அவசரமான பேனாக் கோடுகள் அந்தக் கதையின் ஓட்டத்துக்குக் கச்சிதம்.

புத்தகப் பைத்தியங்களுக்கென்று நான் எடுத்துவைத்திருப்பது ஜெர்மானியரான வால்டர் மோர்ஸின் 'தி சிட்டி ஆஃப் டிரீமிங் புக்ஸ்'. 2004இல் வந்த நாவல், ஆங்கிலத்தில் ஜான் பிரவுன்ஜான் மொழிபெயர்த்தது. எழுதியவரே வரைந்தவர். ஸமோனியா என்ற கண்டம், அதில் புத்தகம் விற்று வாங்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நகரம், அதன் அடியில் பழம்புத்தகங்கள் நிறைந்த சுரங்கப் பாதைகள். ஞானத்தந்தை விட்டுச்சென்ற பிழையே இல்லாத ஒரு கையெழுத்துப் பிரதியை எழுதியவர் யார் என்று தேடி வரும் ஒரு டைனோசர் அங்கே சிக்கிக்கொள்கிறது. சுரங்கத்தில் புக்லிங் என்ற ஒற்றைக்கண் குட்டிப் பிராணிகள் இருக்கின்றன. படிப்பதே அவற்றுக்குச் சாப்பாடு. ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாளரின் பெயரைச் சூட்டிக்கொண்டு அவர் எழுதிய அனைத்தையும் மனப்பாடம் செய்கிறது. மோர்ஸ் அவற்றை ஒன்றுபோல் வரையாமல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உடம்பு கொடுத்திருக்கிறார், குள்ளமும் குண்டும் ஒல்லியுமாக. எழுத்தில் பெயரும் படத்தில் உடம்பும் சேர்ந்தபிறகுதான் அவை ஆட்களாகின்றன. நாவலின் நடுப்பகுதி கொஞ்சம் நீளம்தான், சுரங்கத்தில் அலைவது சில இடங்களில் தேவைக்கு மேல் போகிறது. அங்கே பொறுமையாக இருங்கள், சுரங்கத்தில் வாழும் நிழலரசன் வந்துவிட்டால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. இதே கண்டத்தில் நடக்கும் 'கேப்டன் புளூபேர்' இன்னும் குதூகலமானது. ஆனால் எழுநூறு பக்கம் என்பதால் இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

புக்லிங்குகளின் பெயர்களில் நம் உலகத்து எழுத்தாளர்களின் பெயர்கள் எழுத்து மாற்றி ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன. கதே அங்கே ஓயான் கோல்கோ ஃபான் ஃபொன்டெவெக் ஆகிவிடுகிறார். மற்றவர்களை அவிழ்க்க அவசரப்பட்டு இணையத்தில் தேட வேண்டாம். ஒரு பெயரைத் தானாகவே கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரவு என்று பார்க்காமல் எனக்கு போன் செய்த நண்பர்கள் இருக்கிறார்கள். அந்த போனுக்காகவே இன்னும் நிறையப் பேர் கையில் இதைக் கொடுக்க ஆசைப்படுகிறேன்.