மூணு சீட்டு

எழுதி ரொம்ப நாளாச்சு. மஸ்கட்டில் வேலை அதிகம் என்பது வழக்கமான சாக்கு. இந்தத் தடவை உண்மையான காரணம் சித்தப்பா.

எங்க ஊர் பாறசாலைப் பக்கம். 1956-ல் மாநிலம் பிரிச்சப்போ விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போச்சு, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்னுபோச்சு. அதனால இந்தப் பக்கம் ஒரு டாக்டர், களியக்காவிளை தாண்டி இன்னொரு டாக்டர் என்பது எங்களுக்குச் சாதாரணம். சித்தப்பாவுக்கும் அப்படித்தான். சுகருக்கு ஒரு சீட்டு, டயாலிசிசுக்கு ஒண்ணு, இருமலுக்கு மூணாவது.

சாயங்காலமானா காய்ச்சல். சாப்பாடு வேண்டாம். உடம்பு மெலியுது. வெள்ளிக்கிழமைதோறும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "சித்தி, சுகர் எவ்வளவு?"

"கூடுதல் இல்ல மக்ளே. டயாலிசிஸ் பண்ணுறவங்களுக்கு இப்படித்தான் இருக்குமாம்."

காய்ச்சலுக்கு டயாலிசிஸ் ஊசி காரணம். மெலிவுக்குக் கிட்னி காரணம். எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடிப்பகுதியில் தெரிஞ்ச நிழல் நிமோனியா. தனித்தனியா கேட்டா எல்லாமே சரிதான். ரெண்டு மாசம் போச்சு. கடைசியா ஒரு டாக்டர் மூணு சீட்டையும் மேசையில் சேர்த்து வச்சுப் பார்த்தார். சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். டி.பி.!

சித்தி அழுதுட்டாங்க. எங்க ஊரில் புலயனார்கோட்டை என்றாலே காசநோய்தான். ஆனா திருவனந்தபுரத்து அந்தக் குன்றில் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியும் சர்க்கரை நோய் ஆஸ்பத்திரியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கு. ரெண்டுக்கும் உள்ள உறவை நான்தான் யோசிக்கலை.

சர்க்கரை இருந்தா டி.பி. வர வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதைவிடவும் அதிகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைஞ்சுபோறதுதான் காரணம். 2012-ல் வெளியான கேரள ஆய்வு ஒன்றில் 552 காசநோயாளிகளைப் பரிசோதிச்சாங்க. 243 பேருக்கு, அதாவது 44 சதவீதம் பேருக்கு, சர்க்கரை. அதில் 115 பேருக்கு அன்னிக்குத்தான் அது தெரியும்.

சர்க்கரை நோயாளிக்கு நிழல் பல சமயம் மேல்பகுதியில் இல்லாம அடியில் தெரியும். அதனாலதான் நிமோனியான்னு ஏமாந்துபோறது.

மருந்திலும் கணக்கு மாறும். ரிஃபாம்பிசின் சில சுகர் மாத்திரைகளின் வேகத்தைக் குறைச்சுடும். பைரசினமைடும் எத்தாம்பியூட்டாலும் பழுதான கிட்னி வழியா சரியா வெளியேறாது. அதனால சித்தப்பாவுக்கு அவை ரெண்டும் வாரம் மூணு நாள், டயாலிசிஸ் முடிஞ்ச பிறகுதான். முன்னாடி கொடுத்தா மருந்து மெஷினோடு போயிடும். சித்தி காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வச்சிருக்காங்க. வீட்டில் இருக்கிற எல்லாரையும் பரிசோதிச்சாச்சு.

மருந்து இலவசம். சத்துணவுக்கு மாசம் தரும் 500 ரூபாய் 2024 நவம்பரிலிருந்து 1000 ஆச்சு. நிக்ஷய் பதிவு நாடு முழுக்க ஒண்ணுதான். களியக்காவிளை தாண்டினாலும் அதே எண்.

இப்போ நாலாவது மாசம். போன வாரம் சித்தப்பாவே போனை வாங்கி, "மக்ளே, உன் சித்திகிட்ட ஒரு மீன்கறி வைக்கச் சொல்லு" என்றார். எவ்வளவு நாளாச்சு, அவர் வாயால் ஒரு சாப்பாட்டுப் பேரைக் கேட்டு!

இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது சுகர் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா, சாயங்காலம் காய்ச்சல் வருதா, சட்டை தொளதொளன்னு ஆகுதா என்றும் கேளுங்க. எல்லாச் சீட்டையும் ஒரே கவரில் போட்டு, ஒவ்வொரு டாக்டரிடமும் காட்டச் சொல்லுங்க. நான் கேக்காம விட்டதுக்கு ரெண்டு மாசம் போச்சு.